எந்த வருஷம் என்று கேட்கிறார்கள்

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பல வருடங்களாக மணல்கூட மிஞ்சாமல் கிடந்த ஆறு. வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை பாலங்களின் மேல் கூட்டம். என் செல்பேசியில் வந்து விழுந்த படங்களுக்குக் கீழே ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: எங்கள் பழைய பாலாறு திரும்பிவிட்டது. அதே மாதம், அதே மழையில், பேரணாம்பட்டில் சுவர் இடிந்து பெண்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பழைய பாலாற்றோடு சேர்த்து யாரும் அனுப்பவில்லை.

இந்த நினைவேக்கத்தை நான் நீண்ட நாளாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். ஊர் மலர்களில், பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புகளில், கல்யாணப் பந்தியில் பிரியாணிக்குக் காத்திருக்கும் நேரத்தில். அதில் வரும் பொருட்கள் மாறுவதில்லை. மணலில் ஊற்று, கரையோரத் தென்னந்தோப்பு, ஆவாரம்பட்டை வாசனை, தொழிலாளி ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதலாளி. எனக்கும் அது பிடிக்கும். பிடிப்பதால்தான் அதன் வாக்கியங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"ரெண்டடி தோண்டினா ஊத்து வரும், தண்ணி எளநீ மாதிரி இருக்கும்." நம் மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். தோண்டினால் வரும். யார் தோண்டினால்? ஊறும்வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியில் மொண்டு, குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றியது யார்? ஆற்றைப் பற்றி என் பெரியம்மாவிடம் கேட்டேன். இளநீர் எல்லாம் வரவில்லை. "மூணு கொடம், ரெண்டு நட. இடுப்புல உங்கண்ணன். கோடையில ஊத்து கீழ போயிடும், குனிஞ்சி குனிஞ்சி முதுகு உட்டுப்போவும்" என்றார். அப்புறம், நான் கேட்காமலே, ஊர்க்காரர்களின் ஊற்றில் நாங்கள் மொள்ளக் கூடாது என்பதையும், எங்களுக்கு இன்னும் கீழே தள்ளித்தான் இடம் என்பதையும் சொன்னார். ஒரே ஆறு, ஒரே காலம். ஒருவருக்கு நாக்கில் நிற்கிறது, இன்னொருவருக்கு முதுகில்.

பழையதை நினைத்து ஏங்குவதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இழப்பு உண்மையானது. பட்டை போட்டுப் பதனிட்ட அரைப்பதத் தோலைக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த இந்த வட்டாரம், 1970களில் அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு முழுமையான தோலுக்கும் காலணிக்கும் வேகமாக நகர்ந்தது. குரோமிய டிரம்கள் பெருகின. கழிவு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இன்று சட்ட மாணவர்கள் படிப்பது இந்த ஊர்த் தண்ணீரின் பெயரால்தான். எனவே, அந்தக் காலத்தில் தண்ணீர் நன்றாக இருந்தது என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காலமே நன்றாக இருந்தது என்று அவர் அடுத்த அடி வைக்கும்போதுதான் சண்டை. பட்டைக்காலத்திலும் சுண்ணாம்புக் குழி இருந்தது, குழிக்குள் கால்கள் இருந்தன. 2012-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்' நாவல் திண்டுக்கல்லைப் பற்றியது, நம் ஊரைப் பற்றியது அல்ல. ஆனாலும் அதைப் படித்த பிறகு பட்டை வாசனை என்று எழுத யாருக்கும் கொஞ்சம் கை தயங்கும்.

நினைவேக்கத்துக்கு மேற்கில் பெயர் வைத்தவர் ஒரு மருத்துவ மாணவர், யோஹான்னஸ் ஹோஃபர். 1688-ல், வீட்டை விட்டு வெகுதூரம் போன சுவிஸ்காரர்களுக்கு வந்த நோயின் பெயராக அந்தச் சொல்லைச் செய்தார். ஸ்வெத்லானா பாய்ம் 2001-ல் எழுதிய நூலில் அதை இரண்டாகப் பிரித்தார். போனதை அப்படியே மறுபடி கட்டியெழுப்பத் துடிக்கும் ஏக்கம் ஒன்று, போனது போனதுதான் என்று அறிந்து அதன் மேல் நின்று யோசிக்கும் ஏக்கம் மற்றொன்று. நல்ல பிரிப்பு. என் பெரியம்மாவுக்கு மட்டும் இரண்டிலும் இடமில்லை. அவர் ஏங்கவில்லை. நினைவுகூரும்படி அவரிடம் கேட்கிறார்கள், அதுவும் தேதியோடு.

போன வருடம் பென்ஷன் விஷயமாக அவரை ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் பிரிவில் வேலை செய்து 2016-ல் நின்றவர். "இருவது வருஷம் செஞ்சேன்பா" என்றார். கணினியைப் பார்த்த பையன், "எட்டு வருஷந்தாம்மா காட்டுது. 2008-லருந்து" என்றான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் பெறப் பத்து வருடச் சேவை வேண்டும். எப்போது சேர்ந்தீர்கள் என்று பையன் பொறுமையாகத்தான் கேட்டான். "கோர்ட்டு கேசுல ஷாப்பெல்லாம் மூடினாங்களே, அந்த வருஷம். சின்னவனுக்கு அப்பதான் பல்லு மொளைக்குது." பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். சின்னவன் பிறந்தது 1998 டிசம்பர், பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. பெரியப்பா வேலை செய்த ஷாப்பு மூடப்பட்டது தீர்ப்புக்கு அடுத்த வருடம். பல்லும் பூட்டும் ஒன்று சேர வழியில்லை. "உங்களுக்கு ஞாபக மறதி வந்திடிச்சி பெரிம்மா" என்று சொன்னது அந்தப் பையன் இல்லை, நான்.

அதைச் சொன்னது வாய்மொழி வரலாறு பற்றி மேடையில் பேசுகிற ஒருத்தி. அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லியைப் படித்தவள். இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949-ல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துப் போர்த்தெல்லி கேட்டபோது, பல தொழிலாளர்கள் அந்தச் சாவை 1953-ல், ஆலையிலிருந்து ஆட்களைக் கூட்டமாக நீக்கியதற்கு எதிரான போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். போர்த்தெல்லி அதைத் திருத்திவிட்டுப் போகவில்லை. நினைவு ஏன் அந்தச் சாவை இடம் மாற்றி வைத்தது என்று கேட்டார். இத்தாலிய உலோகத் தொழிலாளிக்கு நான் கொடுத்த அந்த மரியாதையைப் பெரியம்மாவுக்குக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

மூன்று வாரம் கழித்து வருடத்தை விட்டுவிட்டு வேலையைக் கேட்டேன். ஷாப்பு மூடியதும் முதலில் என்ன செய்தீர்கள்? "இன்னா செய்வாங்க, ஏஜென்ட்டு வூட்டாண்ட மூட்டை கொண்டாந்து போடுவான். அப்பரு. ஊசி போட்டுக் கையால தெக்கணும். ஜோடிக்கு இத்தினின்னு." எந்தக் கம்பெனிக்கு? அதே கம்பெனிக்குத்தான். சின்னவனுக்குப் பல் முளைத்தபோது, அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு, அதே கம்பெனியின் கேட்டுக்குள் போனார். 2008-ல்தான் பதிவேட்டில் பெயர் ஏறியது. ஆக, அவர் சொன்ன இரண்டு அடையாளமும் சரி. ஒரே வேலைக்கு இரண்டு ஆரம்பம். நாங்கள் ஒன்றைத்தான் கேட்டோம். வீட்டுத் திண்ணையில் தைத்ததை வேலை என்று எண்ணாதது சட்டமும் நானும். அவர் எண்ணியிருக்கிறார்.

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை நிறைவேறியதும் அதே 1996-ல்தான். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டில் ஷூ தைக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் பிரிட்டனின் இரண்டு அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஜோடிக்குச் சில ரூபாய் வாங்கித் தைத்த காலணி ஐரோப்பியக் கடைகளில் என்ன விலைக்குப் போகிறது என்று அதில் கேட்டிருந்தார்கள். என் பெரியம்மா தைத்த காலத்தில் யாரும் வந்து கேட்கவில்லை.

மறதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் ஒரு அழகான கதை கட்டியதாகிவிடும். பெரியம்மாவுக்கு உண்மையிலேயே மறக்கிறது. அடுப்பை அணைக்க மறக்கிறார், பேத்திகளின் பெயர் மாறுகிறது. "அந்த சொலூஷன் வாசனைதான் மண்டைக்குள்ள ஏறிக்கிச்சி" என்பது அவர் கண்டுபிடிப்பு. கேட்டுக்குள் போன முதல் சில வருடம் பசை தடவும் மேசையில் நின்றவர். காலணிப் பசையில் இருந்த ஹெக்சேன் தொழிலாளர்களின் கைகால் நரம்புகளைக் கெடுத்ததை ஜப்பானிலும் இத்தாலியிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கரைப்பான்களின் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தால் நினைவும் கவனமும் குன்றக்கூடும் என்பதும் தொழில்சார் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அவர் விஷயத்தில் அதுதானா, தைராய்டா, ரத்தசோகையா, அறுபது வயதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. மருத்துவரும் அவர் செய்த வேலை என்ன என்று கேட்கவில்லை. வயசானா அப்படித்தான்மா என்று மாத்திரை எழுதினார். ஒருவேளை பெரியம்மா சொல்வது சரியாக இருந்தால், அவர் சேவையைக் கணக்கில் சேர்க்காத அதே வேலைதான் அந்தச் சேவையை நினைவில் வைக்கும் இடத்தையும் அரித்திருக்கிறது. இளநீர் போல இருந்தது என்று சொல்லும் மாமாக்களிடம் எந்த வருஷம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களுக்கும் மறதி உண்டு. அதற்கு மலர் அச்சிடுகிறோம்.

சென்ற மாதம் பெரியம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் கொடுத்தார். ஏஜென்ட்டின் கையெழுத்து. பெயர் இல்லை, வருடம் இல்லை. வரிசையாக எண்கள்: 12, 12, 10, 14. பென்ஷனுக்கு இது ஒன்றும் உதவாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் புரட்டினோம். ஓரிடத்தில் நாலு நாள் காலியாக இருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கில்ல. உனக்குத் தண்ணி ஊத்தினோமே, அதுக்கு வந்துட்டேன். வயித்துல சின்னவன். ஏஜென்ட்டு கத்தினான்."

1998 மே. நாள்கூட எனக்குத் தெரியும். மஞ்சள் தடவிய பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். அந்தச் சடங்குக்கு எதிராக இதுவரை மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். என்னிடம் இருந்த பத்திரிகையையும் போட்டோக்களையும் கல்லூரி முதல் வருடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா ஒன்றையாவது எங்காவது ஒளித்து வைத்திருப்பாளா என்று கேட்க வேண்டும்.