சிதம்பரத்துக் கொத்சும் கடலூர் மீன் குழம்பும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். அதையொட்டிய வட்டாரத்துக்குள்ளேயே வெங்காயமும் பூண்டும் நுழையாத கோயில் சமையல் இருக்கிறது. கருவாட்டு மணம் போகாத துறைமுகத் தெரு இருக்கிறது. தேங்காய்ப்பால் இல்லாமல் விருந்து வைக்காத மரைக்காயர் வீடுகள் இருக்கின்றன. 1867 முதல் அணையாத அன்னதான அடுப்பும் இருக்கிறது. வெளியூர் அன்பர்கள் வந்து இறங்கியதும் கேட்பது, "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்றுதான். எந்தப் பண்டம், எந்த வேளை, எந்த மாதம் என்று கேட்டால் இன்னும் நன்றாக வழிகாட்ட முடியும். ஒவ்வொரு சமையலுக்கும் தனி இலக்கணம் உண்டு. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது.

சிதம்பரத்தில் தொடங்க வேண்டியது சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். நடராசப் பெருமானுக்கு நிவேதனமாகிற இணை இது. கோயில் பூசை செய்யும் தீட்சிதர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ மசாலாச் சோறு என்று நினைத்துவிட வேண்டாம். உதிரியாக வடித்த சோற்றில் நெய் விட்டு, மிளகையும் சீரகத்தையும் பொடித்து உப்போடு கலக்கிறார்கள். அவ்வளவுதான். சேர்மானம் குறைவாக இருப்பதாலேயே ஒளிந்துகொள்ள இடமில்லை. நெய் மட்டமானால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மிளகை என்றைக்கோ பொடித்து வைத்திருந்தால் காரம் நிற்கும், மணம் போயிருக்கும். சோறு குழைந்துவிட்டால் பொங்கலாகிவிடும்.

கொத்சில்தான் கட்சிகள் பிரிகின்றன. கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து மசிப்பது ஒரு முறை. நல்லெண்ணெயில் சுருள வதக்கி மசிப்பது இன்னொன்று. கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் வறுத்துப் பொடித்துப் போடுவதும், புளிக்கரைசலில் கொதிக்க விடுவதும், கடுகும் பெருங்காயமும் தாளிப்பதும் இரண்டுக்கும் பொது. சுடுகிறவர்கள் புகை மணம்தான் கொத்சுக்கு உயிர் என்பார்கள். வதக்குகிறவர்கள் எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதைக் காட்டி, இதுதான் பதம் என்பார்கள். இரண்டிலும் நல்ல கைகள் உண்டு. ஆனால் என் ஓட்டு சுட்டதற்கே. நெய்ச்சோற்றின் வழவழப்புக்கு எதிராக நிற்க ஒரு புகைச்சல் வேண்டும். அதைத் தணல் மட்டுமே தரும்.

மூன்றாவது கட்சி ஓட்டல்காரர்களுடையது. சின்ன வெங்காயமும் தக்காளியும் சேர்த்து, சற்று நீர்க்க வைத்து, காலையில் இட்லிக்கும் பொங்கலுக்கும் ஊற்றுகிறார்கள். இதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். நன்றாக அமைந்துவிட்டால் சாம்பாரைத் தேட வேண்டியிருக்காது. தக்காளி தலையெடுத்துக் கத்தரிக்காய் எங்கே என்று தேடும் நிலை வந்தால்தான் வருத்தமாக இருக்கிறது. அப்படிச் செய்கிற இடங்கள் பெருகிவிட்டன. ஊர்ப் பெயரைத் தாங்கிய பண்டத்தை ஊர்க்காரர்களே காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்? கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இலை போடுவதற்கு முன், "இன்று கொத்சு உண்டா, சுட்டதா, வதக்கியதா?" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால் செய்கிறவர்களும் இருப்பார்கள்.

செட்டிநாட்டுக் கோசமல்லி இதற்கு நெருங்கிய உறவு. அங்கே கத்தரிக்காயை வேக வைத்து மசித்து, வெங்காயம், பச்சை மிளகாயோடு புளி சேர்ப்பார்கள். இடியாப்பத்துக்கு அதைப் போலத் துணை இல்லை. கும்பகோணத்துக் கடப்பா வேறு குடும்பம். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த அதை இங்கே தேட வேண்டாம். வெங்காயம், பூண்டு இல்லாமல் ருசியை எழுப்பும் கலையில் சிதம்பரமாகிய தில்லைக்குத் தோழமை வேண்டுமானால் ஜப்பான் வரைக்கும் போகலாம். அங்கே பௌத்த மடங்களில் ஷோஜின் ரியோரி என்றொரு சமையல் மரபு உண்டு. மீன், இறைச்சியோடு பூண்டு, வெங்காய வகைகளையும் விலக்கி, அந்தந்தப் பருவத்துக் காய்களின் இயல்பான சுவையை வெளியே கொண்டுவருவதையே சமையல்காரரின் திறமையாகக் கொள்கிறார்கள். ஜப்பானுக்குச் செல்லும் பயணிகள் அதற்காகவே மடங்களைத் தேடிப் போகிறார்கள். சிதம்பரத்துக்கு வருகிறவர்களும் அந்த மரியாதையோடு கொத்சை அணுகலாம் என்பது என் எண்ணம்.

மார்கழித் திருவாதிரைக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு பேறு. சேந்தனார் என்னும் அடியார் படைத்த களியை இறைவன் உவந்து ஏற்றார் என்பது தில்லை வரலாறு. பச்சரிசியை வறுத்து ரவையாக உடைத்து, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய், ஏலக்காயோடு கிளறிய களி. உடன் ஏழு காய்களும் அதற்கு மேலும் போட்ட குழம்பு. களியை மட்டும் தின்றுவிட்டு இனிப்பு அதிகம் என்று சொல்லிவிடக் கூடாது. குழம்போடு சேர்த்துத்தான் அது முழுமையாகும்.

கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் சமையலே மாறிவிடும். சதுப்புநிலக் கால்வாய்களில் இருளர்கள் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். கழி நண்டு இந்தப் பக்கத்துச் சொத்து. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ஓட்டோடு வேக வைத்தால் போதும். மசாலாவில் முக்கி எடுத்த நண்டைவிட இதில்தான் சதையின் இனிப்பு தெரியும்.

பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வந்து போனார்கள். நிலைத்தது மரைக்காயர் சமையல்: நெய்ச்சோறு, தாளிச்சா, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம். இவற்றின் உச்சம் வீட்டு விருந்துகளில்தான். அழைப்பு கிடைத்தால் எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம். நோன்பு மாதத்தில் மாலை நேரம் பள்ளிவாசல்களில் கிடைக்கும் கஞ்சியும் அப்படியே.

கடலூரில் மீன் என்றால் முதுநகர். பழைய ஆட்கள் ஓ.டி. என்பார்கள். துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் நடக்கும். சமைக்க வசதியில்லாத பயணியும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி, பாறை என்று பெயரும் முகமும் பழகிவிட்டால், மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் என்ன கேட்பதென்று தெரிந்துவிடும். கண் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று மீன்காரம்மாவே சொல்லிக்கொடுப்பார்.

மீன் குழம்புக்கும் இலக்கணம் உண்டு. புளி முன்னால் வரக் கூடாது; மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய் போடுவார்கள், அது தனி ருசி. மீனைப் போட்ட பிறகு கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றி ஆட்ட வேண்டும். துண்டு உடைந்திருந்தால் அவசரக் கை என்று பொருள். முதல் நாள் வைத்து மறுநாள் காலையில் இட்லிக்குக் கொடுக்கிற வீட்டுக் குழம்பு கிடைத்தால் அதுவே சிகரம். சுறாப்புட்டில் பூண்டும் வெங்காயமும் தாராளமாக இருக்க வேண்டும், ஈரம் சுண்டியிருக்க வேண்டும். விலை உயர்ந்த வஞ்சிர வறுவலையே எல்லாரும் கேட்கிறார்கள். நானோ நெத்திலியையும் மத்தியையும் பரிந்துரைப்பேன். கரையோர வீடுகள் அன்றாடம் சாப்பிடுவது அவற்றைத்தான். பழகிய கை அவற்றில்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் நாட்டுப் படகுகள் கொண்டுவரும் சிறு மீன்களையும் கருவாட்டுக் குழம்பையும் நம்பலாம். பெரிய மீனை வற்புறுத்திக் கேட்டால் பெரும்பாலும் ஐஸ் பெட்டியிலிருந்து வருவதுதான் இலைக்கு வரும்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் வடலூர். மருதூரில் பிறந்த வள்ளலார் 1867 மே 23 அன்று இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல், பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறும் குழம்பும் போடுகிறார்கள். சமையலை ருசியால் அளப்பவர்கள் இங்கே வேறு அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். வந்தவர் பசியோடு திரும்பினாரா என்பது ஒன்றே இந்த அடுப்புக்கான கேள்வி. வசதியுள்ளவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், தடையில்லை. சாப்பிட்டுவிட்டு அரிசியோ பருப்போ கொடுத்துவிட்டு வரலாம்.

தடைக்காலத்தில் மீனுக்கு ஏங்குகிறவர்களுக்குப் பண்ருட்டி ஈடுசெய்யும். அதே கோடையில்தான் அங்கே பலா பழுக்கிறது. சாலையோரக் கடைகளில் சுளையாகவும் முழுப் பழமாகவும் கிடைக்கும். முழுப் பழம் வாங்குவதானால் கடைக்காரரையே தட்டிப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். இன்றைக்குச் சாப்பிடவா, இரண்டு நாள் கழித்தா என்று கேட்டு, அதற்கேற்ற பழத்தை எடுத்துக் கொடுப்பார். முந்திரி வருடம் முழுவதும் உண்டு. வறுக்காத பருப்பாக வாங்கிக்கொண்டு போய் வீட்டில் நெய்யில் வறுத்துக்கொள்வதே நல்லது.