மாடு கொடுத்தீர்கள், மண்?

எங்கம்மாவுக்கு மாடு வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கிடைத்த கறவை மாடு. எங்களுக்குப் பாதி மானியம், பாதி வங்கிக் கடன். ஆபீசர் கயிற்றைக் கையில் கொடுத்து, 'இனிமே உன் கால்ல நீயே நிக்கலாம்மா' என்றார்.

நிற்க எங்கே இடம்? காலனியைச் சுற்றியிருக்கிற கழனியெல்லாம் ஊர்க்காரங்களுது. வரப்பில் புல் அறுத்தால், 'புல்லு மட்டும் வேணும், நாத்து நட வரமாட்டியா?' என்று கேட்டுக் கூலியில்லாமல் ஒருநாள் வேலை வாங்குவார்கள். டீக்கடையில் 'காலனிப் பாலு வேணாம்' என்றார்கள். கோடையில் வைக்கோலுக்குக் கடன். இரண்டு வருஷத்தில் மாடு போச்சு, வங்கிக் கடன் நின்னுச்சு. அரசாங்க ஏட்டில் மட்டும் நாங்கள் பயன்பெற்ற குடும்பம்.

அந்தத் திட்டம் 1999-ல் முடிந்துபோனது. அதன் கோளாறெல்லாம் நீங்கியது என்று இப்போது வேறொன்றைக் காட்டுகிறார்கள். வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 2002-ல் தொடங்கியது. பரம ஏழைகளுக்கு மாடோ ஆடோ இனாம். சில மாதம் சாப்பாட்டுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீடுதேடி வந்து விசாரிப்பு. இந்த மாதிரியை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தும் பலன் நின்றிருந்தது.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கடனில்லாத மாடும் கைச்செலவுக்குப் பணமும் இருந்திருந்தால் எங்கம்மா இன்னும் கொஞ்சநாள் தாக்குப்பிடித்திருப்பாள். ஆனால் இதே மாதிரியை அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் நடத்தியபோது நிலைத்த பலன் தெரியவில்லை. கூலி வேகமாக உயர்ந்த காலம் அது. திட்டத்தில் சேராதவர்கள் கூலிக்குப் போயே சேர்ந்தவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கூலி எப்போது உயரும்? கூப்பிட்ட கழனிக்கு ஓடியாக வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும் உயரும். 2005-ல் சட்டமான நூறுநாள் வேலை எங்கள் பக்கம் வந்தபிறகு, எங்கம்மா முதல்முதலாக ஆண்டை வீட்டு ஆளிடம் சொன்னாள்: 'ஏரி வேல இருக்கு, வர்றதுக்கில்ல.' மாடு அவளுக்கு அந்தப் பேச்சைக் கொடுக்கவில்லை. ஆய்வாளர்கள் வருமானம், சாப்பாடு, சேமிப்பு என்று அளக்கட்டும். ஒரு குடும்பம் தன் காலில் நிற்கிறதா என்பதற்கு என் அளவுகோல் அந்த 'வர்றதுக்கில்ல'தான்.

ஆனாலும் அந்த நூறுநாள் வேலை நூறு நாளுக்குத்தான் இருந்தது. மீதி நாளுக்கு நிலம் வேண்டும். இதை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. மற்ற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதில் எவ்வளவோ இன்று மற்றவர் கையில். 1994-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் பறிகொடுத்தோம். மாடு கேட்டால் மனு வாங்குகிறவர்கள், நிலம் கேட்டால் துப்பாக்கி எடுக்கிறார்கள்.

மாடு வேண்டாமென்று சொல்லவில்லை, கொடுங்கள். பஞ்சமி நிலத்தையும் மீட்டுக் கொடுங்கள். கொடுக்கிற மாட்டைக் கட்ட முளைக்குச்சி அடிக்கவாவது எங்களுக்கென்று மண் வேண்டாமா?