குமர் இருக்கிற வீட்டை எப்படிப் பார்ப்பது

‘பொன்மணி’ மெதுவான படம். தென்னிந்தியப் படங்களின் ஓட்டத்துக்குப் பழகிய கண் முதல் அரைமணி நேரத்திலேயே பொறுமை இழக்கும். 1977இல் வெளிவந்தபோது அது வசூலிலும் எடுபடவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் உள்வீட்டுக்குள் இவ்வளவு கூர்மையாகப் புகுந்து பார்த்த இன்னொரு படத்தை நான் கண்டதில்லை. இதை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காதலர்கள் சேர்வார்களா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த வீட்டில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கதையும் வசனமும் காவலூர் ராஜதுரையுடையவை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவரான அவர் எழுபதுகளில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்தவர். வளாகம் தொடங்கியது 1974இல். அதைச் சுற்றிச் சேர்ந்திருந்த எழுத்து, நாடக வட்டத்தின் ஆட்கள் பலரை அவர் நடிக்க வைத்தார். சித்திரலேகா மௌனகுருவும் சர்வமங்களம் கைலாசபதியும் நடித்தது அப்படித்தான். ஆகவே நட்சத்திர முகங்களைத் தேடாதீர்கள். ஊரில் கோயில் வீதியிலோ பஸ் நிலையத்திலோ எதிர்ப்படக்கூடிய முகங்கள்தான் இதில் இருக்கின்றன.

கதை சிறியது. வசதி தேய்ந்துகொண்டு போகிற ஒரு வேளாளக் குடும்பம். மூத்தவளைக் கட்டிக் கொடுக்கச் சீதனம் இல்லை. இளையவள் பொன்மணி சாதி தாண்டி ஒருவனை விரும்புகிறாள். முடிவை இங்கே சொல்லமாட்டேன், நீங்களே பார்க்க வேண்டியது அது.

முதலில் வீட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண் வழியாகக் கைமாறும். தாய் சீதனமாகக் கொண்டுவந்த வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. அதே மரபில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணம் முடித்த பெண் தன் பேரில் உறுதி உள்ள காணியைக்கூடக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. வீடு அவளுடையது, ஆனால் அதன் மேல் அவளுக்குள்ள அதிகாரம் பாதிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், திரையில் வரும் சுவரும் முற்றமும் வெறும் பின்னணியாகத் தெரியாது. வீடு பழசாகப் பழசாக ஒரு பெண்ணுக்கு வரும் பேச்சுக்கால், அதாவது கலியாணப் பேச்சு, கீழிறங்குகிறது. அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் மனதுக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்தது காசு. சீதனம் ஒன்று, ‘டொனேசன்’ இன்னொன்று. டொனேசன் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கைக்குப் போகிற ரொக்கம். பல வீடுகளில் அந்தக் காசை அவர்கள் எடுத்து வைப்பதே தங்கள் மகளைக் கரைசேர்க்கத்தான். இப்படி ஒரு வீட்டின் குமருக்காக, அதாவது கலியாணமாகாத பெண்ணுக்காக, சேர்த்த காசு அடுத்த வீட்டின் குமரைக் கரையேற்றும். இடையில் ஒரு வீட்டில் காசு நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற வீடுகளிலும் நின்றுபோகும். மூத்தவளுக்குப் பேச்சுக்கால் தட்டிப்போகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பின்னால் நிற்கிற தங்கைகளும் தம்பிமாரும் சேர்ந்தே பின்தள்ளப்படுகிறார்கள். அக்காவைத் தாண்டித் தங்கை போவது யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வளவு பெரிய குற்றமாகப்பட்டது என்பதற்கு மானம் ஒரு காரணம், இந்தக் காசுக் கணக்கு இன்னொன்று.

பொன்மணி வீட்டின் தேய்வு ஒரு தகப்பனின் கையாலாகாத்தனத்தால் மட்டும் வந்ததல்ல. இங்கிலீசுப் படிப்பு, அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம் ஆகியவற்றின் மேல் கட்டி எழுப்பிய வாழ்க்கை அது. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் அந்த அத்திவாரத்தையே ஆட்டிவிட்டன. உத்தியோக மாப்பிள்ளைகள் அருகிப்போக, கிடைத்தவர்களின் விலை ஏறியது. படம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்பதில்லை, நாங்கள்தான் இதைத் தெரிந்துகொண்டு போய் உட்கார வேண்டும்.

‘பொன்மணி’யைப் பார்த்த கையோடு ஜப்பானுக்குப் போகச் சொல்வேன். ஜுனிச்சிரோ தனிசாகி எழுதிய ‘மாக்கியோக்கா சகோதரிகள்’ நாவல் யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நியமாகவே இராது. ஒசாக்காவின் பழைய வணிகக் குடும்பம். தகப்பன் இல்லை, கடையும் கைமாறிவிட்டது, பேர் மட்டும் மிச்சம். சுருகோ, சச்சிகோ, யுகிகோ, தாயெகோ என்று நான்கு பெண்கள். மூத்தவர்கள் இருவரும் கலியாணம் முடித்தவர்கள், அவர்களின் கணவன்மார் மாக்கியோக்கா என்ற பேரையே எடுத்துக்கொண்டு குடும்பத்துக்குள் வந்தவர்கள். மூன்றாமவள் யுகிகோவுக்கு முப்பது வயதாகிறது. அவளுக்குச் சரிவரும் வரை நாலாமவள் தாயெகோ தன் காதலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1943இல் இது ஒரு சஞ்சிகையில் தொடராக வரத் தொடங்கியதும், போர்க்காலத்துக்கு ஏற்றதல்ல என்று இராணுவம் நிறுத்தியது. தனிசாகி விடாமல் எழுதி 1948இல் முடித்தார்.

பெரிய புத்தகம். சம்பவங்களைத் துரத்திக்கொண்டு படித்தால் அலுத்துவிடும். யுகிகோவுக்கு வரும் ஐந்து பேச்சுக்கால்களையும் பிடித்துக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றிலும் யார் வேண்டாம் என்கிறார்கள் என்று கவனியுங்கள். முதல் மாப்பிள்ளையைப் பெண் வீட்டாரே தட்டிவிடுகிறார்கள். ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்ததில், தாய்க்கு மனநோய் என்று தெரியவருகிறது. எங்கள் ஊரிலும் விசாரிப்பு இப்படித்தானே நடக்கும்! இரண்டாவது ஆள் மனைவியை இழந்தவர். பெண்ணைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய், செத்துப்போன மனைவியினதும் பிள்ளைகளினதும் படங்கள் வைத்திருக்கிற பூசையறையைக் காட்டுகிறார். பெண்ணின் மனம் அறியாத மனிதன் என்று யுகிகோ அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறாள். மூன்றாவது தடவை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். மாக்கியோக்காக்களுக்கு அது முதல் அனுபவம். குடும்பம் விழுந்துவிட்டதை, மறுப்பு வருகிற திசையை மாற்றியே தனிசாகி உணர்த்திவிடுகிறார்.

நாலாவது பேச்சுக்கால் ஒரு தொலைபேசி அழைப்பில் உடைகிறது. மாப்பிள்ளையாக வரக்கூடியவர் உலாவப் போகலாமா என்று கேட்க யுகிகோவை நேரே அழைக்கிறார். அக்கா சச்சிகோ வீட்டில் இல்லை. வேலைக்காரப் பெண் கெஞ்சிக் கூப்பிட்டும் யுகிகோ போனுக்கு வர நேரம் செல்கிறது, வந்தும் சரியாக வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் அவமானப்பட்டுப் போகிறார். வீட்டுக்கு வெளியே ஆண்களோடு பேசத் தெரியாமல் வளர்த்தது குடும்பம், இப்போது பேசத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வதும் அதே குடும்பம். இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சச்சிகோவின் பக்கம் நின்று, இரண்டாம் முறை யுகிகோவின் பக்கம் நின்று. அவளின் மௌனம் வெறும் கூச்சம்தானா, தன் கையில் மிஞ்சியிருந்த ஒரே மறுப்பா என்று அப்போது யோசிக்கத் தோன்றும். எனக்கு அது மறுப்பாகவே படுகிறது.

நாவலுக்கு முன் படம் பார்க்க விரும்புகிறவர்கள் கோன் இச்சிகாவா 1983இல் எடுத்ததைப் பார்க்கலாம். கிமோனோக்களும் செரிப் பூக்களும் கண்ணைப் பறிக்கும். அந்த அழகில் மயங்கிவிடாமல், நல்ல உடுப்புகளை வெளியில் எடுக்கிற நாட்கள் எவை என்று பாருங்கள். எங்கள் கூறைச் சேலையும் அட்டியலும் அலுமாரியை விட்டு வெளியே வருகிற நாட்களும் அவைதான்.

தாயெகோவையும் பொன்மணியையும் ஒப்பிடத் தோன்றும், ஒப்பிடுங்கள். பொம்மை செய்து விற்றும் தையல் படித்தும் தன் கையில் தொழில் வைத்திருப்பவள் தாயெகோ. நகர வாழ்க்கை அவளுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தது. பொன்மணிக்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை சொந்தக்காரர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், பத்திராஜ தன் கதையை முடித்த விதத்தின் கடுமை முழுதாக உறைக்கும்.

தனிசாகியின் முடிவை மட்டும் சொல்லிவிடலாம், தெரிந்தாலும் சுவை குறையாது. ஐந்தாவது சம்பந்தம் சரிவருகிறது. கலியாணத்துக்காக யுகிகோ தோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறாள். அவளுக்கு நாட்கணக்காக வயிற்றோட்டம், ரயிலிலும் நிற்கவில்லை. நாவல் அந்த இடத்தோடு நிற்கிறது. இத்தனை பக்கங்களாகக் காத்திருந்த கலியாணத்தைத் தனிசாகி காட்டவே இல்லை. ஏமாற்றமாக இருந்தால், புத்தகத்தை மூடாமல் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.