வந்தியத்தேவனின் குதிரை

அரியணைப் போட்டியின் கதை என்று பெயர் பெற்றாலும், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை நகர்த்துவது ஒரு பயணம்தான். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் தந்த ஓலைகளுடன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிறான். கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று போய் ஈழத்தில் கால் வைக்கிறான். அவன் கண்ணில் படுவதே வாசகர் காணும் சோழநாடு.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் ஐந்து பாகங்களாக வந்த தொடர் இது. எம்.ஜி.ஆர். படமாக்க விரும்பியும் கைகூடவில்லை. மணிரத்னம் இரண்டு படங்களாக எடுத்து, 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்.

முதல் படத்தின் பெரும்பலம் கார்த்தி. வந்தியத்தேவனின் துடுக்கும் வாய்ச்சாலமும் அவருக்கு இயல்பாக அமைந்தன. 'பொன்னி நதி' பாடலில் குதிரை சோழநாட்டுக்குள் நுழையும்போது, ரவி வர்மனின் கேமரா நீரையும் பசுமையையும் அவனோடு சேர்ந்தே வியக்கிறது. ஆடியில் தென்மேற்குப் பருவமழை குடகில் பொழிந்து காவிரியில் புதுவெள்ளமாக வருகிறது. அந்த ஈரம் திரையில் தெரிகிறது. கோடிக்கரையில் பூங்குழலியின் படகில் ஏறியதும் 'அலைகடல்' பாடல் வேகத்தைத் தணித்து இரவுக் கடலின் தனிமையைக் காட்டுகிறது. புயலில் கப்பல் கவிழும் இறுதிக்கட்டம் இந்த ஓட்டத்துக்கு ஏற்ற முடிவு.

சறுக்கல் இருப்பது சுருக்கத்தில். நாவலில் ஒவ்வோர் ஊரிலும் வந்தியத்தேவன் தங்குகிறான், பேச்சுக் கொடுக்கிறான், மாட்டிக்கொள்கிறான். படத்தில் ஒரு காட்சி மனத்தில் பதியுமுன் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. நாவலில் வரும் மணிமேகலை பாத்திரம் படத்தில் அடியோடு இல்லை. இரண்டாம் படத்தில் கரிகாலனுக்கும் அவனுடைய பழைய காதலி நந்தினிக்கும் உள்ள உறவு நடுவிடத்தைப் பிடிக்கிறது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அதற்குக் கனம் சேர்த்தாலும், வழிப்போக்கன் ஓரமாக நகர்ந்துவிடுகிறான். கதை அரண்மனைச் சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது.

முதல் படம் 70ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என நான்கைப் பெற்றது. ஒளிப்பதிவும் இசையும் ஒலியும்தான் ஒரு பயணத்தைத் திரையில் உணரவைப்பவை. வந்தியத்தேவன் குதிரையில் இருக்கும்வரை படம் முந்துகிறது. அவன் இறங்கியதும் அதன் வேகம் குறைகிறது.