பெயர் நிற்கப் பொருள் பெயர்த்தல்

சமயப் போலிகள் மக்களை மயக்குதற்குப் புதுச்சொல் தேடி அலைவதில்லை. பழஞ்சொல்லைக் கைக்கொண்டு அதன் பொருளை மட்டும் மாற்றுவர். அச்சொல்லின்பால் வழிவழியாக வளர்ந்த பத்தி, மாறிய பொருளின்மேலும் தானே சென்று படியும்.

யாங்ஙனமெனின், இலிங்கோற்பவம் என்பது சிவாலயக் கருவறையின் பின்புறத்தே நாம் வழிபடும் திருவுருவம்; அயனும் மாலும் அடிமுடி காணாத எல்லையின்மையை உணர்த்துவது. திருச்சிராப்பள்ளியை அடுத்து ஆசிரமம் நடாத்திய பிரேமானந்தர் சிவராத்திரியில் தம் வாயினின்று இலிங்கம் உமிழ்ந்து காட்டிய செயற்கும் அவர் அன்பர் இப்பெயரையே இட்டனர். எல்லையற்றதன் பெயர் ஒருவர் வாயளவிற்குச் சுருங்கிற்று. பெயரின் பெருமை பொருளின் சிறுமையை மறைத்தது. 1994-இல் சிறைப்பட்ட அவர்க்குப் புதுக்கோட்டை நீதிமன்றம் 1997-இல் பாலியல் வன்கொடுமை, கொலை ஆகிய குற்றங்கட்கு இரட்டை ஆயுட்டண்டம் விதித்தது. 2005-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. துன்புற்றோர் அவ்வாசிரமத்தை அடைக்கலமென நம்பி வாழ்ந்த இளம்பெண்கள்.

இந்நோய் நம் நாட்டிற்கே உரியதன்று. பிரணவத்தையே பெயரில் தாங்கிய ஓம் சின்ரிக்கியோ என்னும் ஜப்பானியக் கூட்டத்தார், 1995 மார்ச்சு 20-இல் டோக்கியோவின் சுரங்க இருப்பூர்திகளில் சாரின் நச்சுப்பொருளைப் பரப்பினர். திபேத்தியப் பௌத்தத்தில் இறப்போன் உணர்வை உயர்நிலைக்குச் செலுத்தும் பயிற்சியைக் குறிக்கும் ‘போவா’ என்னும் சொல், அவரிடைக் கொலையைக் குறிப்பதாயிற்று. கொலை எனக் கேட்பின் நெஞ்சு நடுங்கும். போவா எனக் கேட்ட நெஞ்சு நடுங்கவில்லை.

அற்றேல், சித்தாந்தத்திற்கும் தனிக்குறியீடுகள் உளவே. ஆசிரியனைச் சிவமெனவே வழிபடுகின்றோமே, வேற்றுமை யாதோ எனின், கூறுதும். பதி, பசு, பாசம் என்பவற்றின் இலக்கணம் யாவரும் ஆராயுமாறு நூல்களில் வெளிப்பட வகுக்கப்பட்டுள்ளது. சிவஞான சித்தியார் அளவையை முன்வைத்தே பொருளைக் கூறும். அதன் பரபக்கம் பதினான்கு பிறமதங்களின் கொள்கைகளை அவ்வவர் கூற்றாகவே எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கும். ஐயம் திரிபுகளைத் தெளிவால் நீக்கினரேயன்றி, வினவிய வாயை நம் முன்னோர் அடைத்திலர். போலிகளோ ஐயத்தை ஆணவமலம் என்பர். நீங்குதலைக் குருத்துரோகம் என்பர். மறுப்புரைக்கும் சொல்லே இல்லாதவன் மறுப்பதெங்ஙனம்?

மீஞ்சூரைச் சூழ்ந்த ஆலைகட்கும் அனல்மின் நிலையங்கட்கும் பல்லூர்களினின்றும் வந்து தனித்துறையும் இளைஞர் பலர். தனிமையில் இன்சொல் கூறுவோன் எளிதில் குருவாவான். அவர்க்கு நாம் அளிக்கற்பாலது ஒரு வினாவே: இவன் கூறும் அருள், சரணாகதி, தொண்டு என்னும் சொற்களை நீக்கி, நிகழ்ந்ததை வீட்டுமொழியில் தாய்முன் சொல்ல இயலுமோ? இயலாதெனின் ஆண்டு நில்லற்க.