மேரி பாட, மாரி ஆட

ஆடி மாதம். நைட் ஷிப்ட் முடிந்து ஓசூர் சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறேன். கண் சொக்குகிறது. வழியில் ஒரு மாரியம்மன் கோயில். வேப்பிலைத் தோரணம், புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதிலிருந்து பாய்ந்தது பாருங்கள் ஒரு குரல்! எட்டு மணி நேரம் மிஷின் இரைச்சலில் மரத்துப்போன காது நிமிர்ந்து உட்கார்ந்தது. வேறு யார்? நம்ம எல்.ஆர்.ஈஸ்வரியம்மாதான்!

இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. ஆனால் மேரி குரல் கொடுத்தால்தான் எங்கள் மாரிக்குக் கூழே கொதிக்கும்.

அம்மா நிர்மலா கோரஸ் பாடகி. அவரோடு ஸ்டுடியோவுக்குப் போன மகளும் கோரஸ் வரிசையில் நின்றார், பத்துக் குரலில் ஒரு குரலாக. 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் இசையமைப்பாளர் கே.வி.மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். 1961இல் 'பாசமலர்'. தோழிகள் மணப்பெண்ணை அழைக்கும் பாட்டு. கோரஸ் பின்னால், ஈஸ்வரி முன்னால்! இன்றும் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் மேடைக்கு வரும்போது நாதஸ்வரக்காரர் எடுப்பது அதைத்தான்.

அப்புறம் பிடிக்கவா முடிந்தது? 'பணமா பாசமா'வில் (1968) இலந்தைப் பழம் விற்றே தெருவைக் கூட்டினார். 'சிவந்த மண்'ணில் (1969) சாட்டை ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் அந்தக் குரல் துடிக்கும்; கேட்கிற நம் முதுகு சுரீரென்னும். 'வெள்ளி விழா'வில் (1972) வி.குமார் இசையில் அதே தொண்டை ரகசியம் பேசியது. ஹெட்போனில் கேளுங்கள், மூச்சுக்காற்று காதில் படும்! இவரைப் போய் வெறும் கிளப் பாட்டுக்காரி என்று ஒதுக்கியவர்களை என்ன சொல்ல? 2011இல் 'ஒஸ்தி'யில் திரும்பி வந்து பேரப்பிள்ளை வயசுக்காரர்களை ஆட வைத்தாரே!

எங்கள் பஸ்ஸில் மூன்று பாஷை ஓடும். ஈஸ்வரியம்மா கன்னடம் என்பார் அத்திப்பள்ளிக்காரர். தெலுங்கு என்று மல்லுக்கு நிற்பார் வேப்பனப்பள்ளிக்காரர். இரண்டிலும் பாடிக் குவித்தவர், யாரைக் குறை சொல்ல?

அன்று கோயிலருகே டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பின்சீட்டில் யாரோ டிபன் பாக்ஸில் தாளம் போட்டார். அரைத்தூக்கத்திலிருந்த மொத்த பஸ்ஸும் பல்லவியைத் திருப்பிப் பாடியது. கோரஸ் வரிசையில் நின்றவருக்கு நாங்கள் கோரஸ்! சுருதி சேரவில்லை; அது வேறு விஷயம்.