பழத்துக்கு அப்பால்

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையை வாசித்துக் கண் கலங்காதவர் அபூர்வம். தகப்பனோடு ரயிலில் போகும் சிறுவன், யாருக்கும் தராமல் பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை, கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பத்து வயதுச் சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். தகப்பனுக்கு மெய் சிலிர்க்கிறது, நமக்கும் சிலிர்க்கிறது.

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் நண்பர்கள் சிலர் கூடி இக்கதையைப் பற்றிப் பேசினோம். குழந்தை மனத்தின் மேன்மை, நடையின் நயம் எல்லாம் வந்தன. பாம்பன் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும், “பழம் கொடுத்தாயிற்று, சரி. அந்தப் பெண் கதி என்ன?” என்று கேட்டார். இலக்கிய விமரிசனத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை என்றார் ஒரு நண்பர். இதைக் கேட்காமல் விமரிசனமே இல்லை என்பது என் கட்சி.

ஜானகிராமனின் கண் எதையும் விடவில்லை. பெற்றவர்களை விட்டுத் தொலைதூரப் பயணம். அதுவும் வேலைக்கென்றே பயணம். வயதுக்கு மீறிய அடக்கம். எல்லாவற்றையும் நம் முன்னே வைத்துவிடுகிறார். நாமோ, ‘எவ்வளவு சமர்த்து!’ என்று மெச்சிவிட்டுப் போகிறோம். ஆசிரியை சொன்னார்: “அழுகிற குழந்தையை எல்லோரும் கவனிப்பார்கள். அழவேண்டிய இடத்தில் அழாத குழந்தையைத்தான் நான் விடாமல் பார்ப்பேன்.” அந்தச் சமர்த்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் கேட்டதில்லை.

ஆசிரியர்மேல் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தத் தகப்பன் அன்று யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்? பதினான்கு வயது நிரம்பாதவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடையே 2006-ல்தான் வந்தது. குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாதிருப்பதும் குற்றம் என்று 2012-ல் சட்டம் வந்தது. அடி, பட்டினி, கட்டாய வேலை என்று எந்தச் சந்தேகமானாலும் சொல்ல 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. நிரூபிப்பது நம் வேலையல்ல. கண்டதைச் சொல்வதுதான் நம் வேலை. ஆகவே அன்றைய தகப்பனுக்கு இருந்த சமாதானம் இன்றைய வாசகனுக்கு இல்லை.

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையில், பள்ளிக்கூட நேரத்தில், பாசிமணியும் சங்குமாக ஒரு சிறுவன் நம்மைத் தொடர்ந்து வந்தால் என்ன செய்கிறோம்? மனம் இளகி ஒரு மாலை வாங்குகிறோம். பிறகு ராமநாதசுவாமி தரிசனத்துக்குப் போகிறோம். ‘ஏன் பள்ளிக்குப் போகவில்லை? இந்தக் காசு யார் கைக்குப் போகிறது?’ என்று கேட்பதில்லை. கேட்டால் மேலே ஏதாவது செய்யவேண்டி வரும். மாலை வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சிறுவன் பழம் கொடுத்ததில் குறையே இல்லை. அவனால் முடிந்தது அவ்வளவு. அவன் அதை முழுமையாகச் செய்தான். வண்டியில் இருந்த பெரியவர்களும், புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நாமும் குழந்தைகள் அல்ல. நம் கண்ணீரை, கடமை தீர்ந்ததற்கு ரசீதாக வைத்துக்கொள்கிறோம். கதை அந்த ரசீதை எங்கும் எழுதித் தரவில்லை. சிறுமி கல்கத்தாவுக்குத்தான் போகிறாள்.

அடுத்த முறை படிக்கும்போது, பழத்தைக் கொடுத்த கையை விட்டு, வாங்கிக்கொண்ட கையைக் கொஞ்சம் பாருங்கள்.